சாவி மறுத்த வாசல்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. பூட்டம்மா என்றால்தான் தெரியும். கணினிப் பாதுகாப்புப் பிரிவின் தலைவி என்று கதவில் பலகை மாட்டியிருந்தார்கள். அதைத் தினமும் துடைக்கிற அம்மாளைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. திரையைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்தால் திரை பூட்டிக் கிடக்கும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் மறுநாள் தாள் இருக்காது, அதற்குப் பதில் பூட்டம்மா வந்து நிற்பாள். இப்படிச் செய்துகொண்டே போனால் நாலு பேர் என்ன பெயர் வைப்பார்கள்? அதைத்தான் வைத்தார்கள். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் அவளுக்கு அந்தப் பெயரில் உள்ளூர ஒரு பெருமை.

அதே மருத்துவமனையில் கருவிழி மாற்று சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் அவளுடைய மாமியார். பெரிய டாக்டர் என்றால் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சுற்றுவட்டாரத்துக் கண் மருத்துவமனைகளில் இன்று கத்தி பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். மருமகளுக்கு அவர் வீட்டிலும் அத்தை, வேலை செய்யும் இடத்திலும் அத்தை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அவள் கணவன் மட்டும் அவ்வப்போது சொல்வான். "எங்க வீட்ல ரெண்டு டாக்டர். ஒருத்தர் கண்ணைப் பாக்கறார், ஒருத்தி கம்ப்யூட்டரைப் பாக்கறா. நோயாளி நான் ஒருத்தன்தான்."

சண்டை வந்தது ஒரு சாவியால். நகவெட்டி அளவுள்ள சின்னச் சாவி. கணினியில் செருகி விரலால் தொட்டால்தான் உள்ளே விடும். கடவுச்சொல்லைப் போட்டு, கைபேசிக்கு வருகிற ஓடிபி என்கிற ஒருமுறை எண்ணையும் தட்டி உள்ளே போகிற வழி இனிமேல் போதாது, அந்த எண்ணையும் சேர்த்தே பிடுங்குகிற கும்பல்கள் கிளம்பிவிட்டன என்று பூட்டம்மா தொண்டை வறளச் சொன்னாள். வரவேற்பறை முதல் சலவைப் பிரிவு வரை எல்லார் கழுத்திலும் ஒரு சாவியைத் தொங்கவிட்டாள். டாக்டர்கள் மட்டும் கொடி பிடித்தார்கள். அறுவை உடையில் பை கிடையாது, கழுத்தில் எதையும் தொங்கவிட்டுக்கொண்டு அரங்கத்துக்குள் போகக் கூடாது, கழற்றி வைத்த சாவி துணியோடு சலவைக்குப் போய்விடுகிறது. நியாயமான குறைதான். அதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் விஷயம் நிர்வாகி வரைக்கும் போய், டாக்டர்களுக்கு மட்டும் விலக்கு, பழைய ஒருமுறை எண்ணே போதும் என்று உத்தரவாகிவிட்டது. கொடி பிடித்தவர்களில் முதல் ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் அத்தைதான்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தையே பேச்சை எடுத்தார். "தலைமுடியை விட மெல்லிசான நூலால தினம் தையல் போடறவ நான். எது நிஜ வாசல், எது போலி வாசல்னு என் கண்ணுக்குத் தெரியாதாம்மா?"

"உங்க கண்ணை நான் குறை சொல்லல அத்தை. அவனுங்க கட்டற வாசல் அப்படி."

"கண்ணை நம்பித்தான் இத்தனை வருஷம் பிழைச்சிருக்கேன்" என்று அத்தை முடித்துவிட்டார். அவர் முடித்தால் முடித்ததுதான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

இந்த டாக்டர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் மருத்துவமனையிலிருந்து சிக்கலான கண்படம் ஏதாவது கருத்துக் கேட்டு வந்தால், யார் முதலில் திறந்து இன்ன நோய் என்று சரியாகச் சொல்கிறார்களோ அவருக்கு அன்று முழுக்க ராஜமரியாதை. எழுதி வைத்த விதி இல்லை. பரிசும் கிடையாது. ஆனால் படம் வந்த சத்தம் கேட்டால், வாயில் காப்பி இருந்தால் விழுங்க மறந்து கைபேசியை எடுப்பார்கள் இந்த மேதைகள். அந்தப் பந்தயத்தில் பெரிய டாக்டரை முந்தியவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று அங்கே பேச்சு. இந்த வழக்கத்தை ஒட்டுக்கேட்டுப் பொறி வைக்க வெளியே ஒருவன் இருப்பான் என்று அவர்களில் ஒருவராவது யோசித்திருப்பாரா? மாட்டார்கள். படித்தவர்களுக்குத் தங்கள் பெருமைதான் பெரிசு.

இப்படியே ஒரு வருஷம் போனபின் ஒரு நாள் முற்பகலில் பூட்டம்மாவின் மேசைத் தொலைபேசி அடித்தது. கண்படம் எடுக்கும் அறையில் வேலை செய்யும் ஸ்கேன் அண்ணன். குறை சொல்லாமல் ஒரு நாள் போனால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏம்மா பூட்டம்மா, உன் சாவி செத்துப்போச்சு."

"திரும்பவும் சட்டையோட சலவைக்குப் போட்டுட்டீங்களா அண்ணே?"

"சலவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கழுத்துலதான் தொங்குது. வெளியூர் ஆஸ்பத்திரிலேருந்து ஒரு படம் வந்திருக்கு, டாக்டருங்களுக்கு அனுப்பினதுல எனக்கும் ஒரு நகல். தட்டினா திரும்ப லாகின் பண்ணச் சொல்லுது. பண்ணேன். சாவியத் தொட்டா மாட்டேங்குது. எத்தனை தடவை தொடறது? எனக்கு வேற வேலை இல்லையா?"

"வேற எதுலயாவது தொட்டுப் பாத்தீங்களா?"

"வருகைப் பதிவுல தொட்டேன், உடனே திறக்குது. இதுல மட்டும்தான் முரண்டு பிடிக்குது."

வேறு யாராவது இருந்தால், வந்து புதுச் சாவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று வைத்திருப்பார்கள். பூட்டம்மா வைக்கவில்லை. சாவி செத்திருந்தால் எல்லா வாசலிலும் செத்திருக்க வேண்டும். மற்ற வாசலில் எல்லாம் திறந்து, ஒரு வாசலில் மட்டும் மறுத்தால் கோளாறு சாவியில் இல்லை, வாசலில்.

"அண்ணே, கைய எடுத்துடுங்க. எதையும் மூடாதீங்க. மேல முகவரி வரில என்ன இருக்கு, அப்படியே படிங்க."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். "நம்ம ஆஸ்பத்திரி பேர்தான் இருக்கு... அதுக்குப் பின்னால என்னமோ நீளமா வருதே. இது நம்மளுது இல்லையா?"

"இல்ல. உங்க சாவிக்குத் தெரிஞ்சிருக்கு."

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அப்போது நேரமும் இல்லை. நாம் புரிந்துகொள்ளலாம். போலி வாசல் கட்டுகிறவன் இப்போதெல்லாம் சும்மா ஒரு படத்தை வரைந்து மாட்டிவிட்டுப் போவதில்லை. உங்களுக்கும் நிஜ வாசலுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறான். நீங்கள் கடவுச்சொல்லைச் சொன்னால் அதை வாங்கி நிஜ வாசலில் சொல்கிறான். அங்கே ஒருமுறை எண் கேட்டால் அவனும் உங்களிடம் கேட்கிறான். நீங்கள் கொடுத்ததும் அந்தக் கணமே அதையும் அங்கே தட்டுகிறான். நிஜ வாசல் திறக்கிறது, உள்ளே நடமாட ஒரு அனுமதியையும் தருகிறது. மருத்துவமனை வாசலில் அடையாளம் பார்த்துவிட்டு, பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்புகிறார்களே, அந்த மாதிரி. அதற்குப் பிறகு உள்ளே யாரும் அடையாளம் கேட்பதில்லை, அட்டை இருந்தால் போதும். அந்த அட்டையைத்தான் அவன் எடுத்துக்கொள்கிறான். உங்களையும் உள்ளே விடுவதால் உங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஆனால் சாவிக்கு இந்தப் பம்மாத்து செல்லாது. எந்த முகவரியில் அதைப் பதிந்தார்களோ அந்த முகவரி கேட்டால்தான் அது பதில் சொல்லும். வாசலின் நிறத்தையும் அழகையும் பார்க்க அதற்குக் கண் இல்லை. கண் இல்லாததால் ஏமாறவும் இல்லை.

"மின்னல், இங்க வா" என்று கூப்பிட்டாள். மின்னல் அவளுடைய சக ஊழியை, அவளைவிட வயதில் மூத்தவள். எதையும் திரும்பத் திரும்பப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டாள் என்பதால் கேலியாக அந்தப் பட்டப்பெயர். "இந்தப் படம் யார் யாருக்கு வந்திருக்கு, அதுக்கப்புறம் யார் கணக்கு எங்கேருந்து திறந்திருக்கு, பாரு."

மின்னல் பார்த்தாள். சாவி வைத்திருந்த ஊழியர்கள் சிலர் தட்டியிருந்தார்கள், எல்லாருக்கும் வாசல் மறுத்திருந்தது. டாக்டர்களில் பெரும்பாலோர் அந்த நேரம் நோயாளிகளோடு இருந்ததால் இன்னும் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கணக்கு மட்டும் திறந்திருந்தது.

"இதுல தப்பு எதுவும் தெரியலையே" என்றாள் மின்னல். "பாஸ்வேர்டு சரி. ஓடிபியும் சரி. எல்லாம் பச்சையா இருக்கு."

"எங்கேருந்து?"

மின்னல் இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். "கடல் தாண்டி. எவனோ வாடகைக்கு விடற கம்ப்யூட்டர். ஆனா அதே கணக்கு நம்ம ஆபரேஷன் தியேட்டர்லயும் திறந்திருக்கு." அப்புறம் குரலைத் தணித்தாள். "உங்க அத்தையோட கணக்கு."

ஒரு வருஷமாக இந்த நாளை எத்தனை விதமாகக் கற்பனை செய்திருப்பாள் பூட்டம்மா. டாக்டர்களில் யாரோ ஒருவர் மாட்டுவார், கூட்டம் கூட்டி, ஆதாரத்தைப் போட்டுக் காட்டி, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று. இப்போது மாட்டியிருப்பது பெரிய டாக்டர். அத்தை, நீங்களா?

நடந்ததைக் கோத்துப் பார்க்க வெகுநேரம் ஆகவில்லை. அரங்கத்துக்குள் போகுமுன் கை கழுவப் போன நேரத்தில் படம் வந்த சத்தம். அனுப்பியவர் அத்தைக்கு நன்றாகத் தெரிந்த வெளியூர் டாக்டர். அந்த டாக்டரின் கணக்கை முன்பே திருடியிருந்தார்கள் என்பது அத்தைக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் முந்திவிடக் கூடாதே என்கிற அவசரம். கடவுச்சொல், ஒருமுறை எண், படம் திறந்தது. அத்தை அதைப் பார்த்து, இது இன்ன கிருமி, இந்த மருந்தைக் கொடு, அந்த மருந்தை நிறுத்து என்று கருத்தும் எழுதி அனுப்பியிருந்தார். திருடனுக்கு இலவச ஆலோசனை. கருத்து தப்பில்லாமல் இருந்தது என்பதுதான் பெரிய வேடிக்கை.

உள்ளே புகுந்தவன் சும்மா இருக்கவில்லை. இனிமேல் ஒருமுறை எண் தன் கைபேசிக்கும் வருகிற மாதிரி ஒன்றைச் சேர்த்திருந்தான். அத்தைக்கு வருகிற எச்சரிக்கை அஞ்சல்கள் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்திருந்தான். மின்னல் அதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி படம் அனுப்பற பெட்டியத் திறந்து வச்சிருக்கான். 'சிக்கலான கேஸ், உடனே உங்க கருத்து வேணும்'னு எழுதி, கீழ அத்தையோட கையெழுத்து. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போயிட்டு இருக்கு."

அப்போதுதான் பூட்டம்மாவுக்கு அவன் எதற்கு வந்தான் என்று முழுசாக விளங்கியது. நோயாளிகளின் விவரமும் இல்லை, மருத்துவமனையும் இல்லை, அவனுக்கு வேண்டியது அத்தையின் பெயர். பெரிய டாக்டர் கருத்துக் கேட்கிறார் என்றால் எந்த ஊர்க் கண் டாக்டர் திறக்காமல் இருப்பார்? அவரே என்னைக் கேட்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டித் திறப்பார்கள். வாழ்க்கை முழுக்க ஒவ்வொரு கண்ணாகச் சம்பாதித்த பெயர். அதைத் தூண்டிலில் குத்தி வீசிக்கொண்டிருந்தான் படுபாவி.

"மெயிலை நிறுத்திட்டேன்" என்றாள் மின்னல். "ஆனா படம் அனுப்பறது வேற வழி. அதை நிறுத்தணும்னா கணக்கையே அறுக்கணும். பாஸ்வேர்டு மாத்தினா மட்டும் பத்தாது, உள்ள இருக்கறவன் உள்ளயே இருப்பான். மொத்தமா வெளியேத்தணும். அறுக்கட்டுமா?"

"இரு."

"இருன்னா? போயிட்டே இருக்கு."

"அத்தை அதே கணக்குலதான் தியேட்டர்ல படத்தை வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்றாங்க. நீ அறுத்தா அங்க திரையும் போயிடும். திரும்ப வேற கணக்குல கொண்டு வர நேரம் ஆகும். உள்ள ஒருத்தரோட கண்ணு திறந்து கிடக்குது மின்னல். அதை நாற்காலில உக்காந்து நாம முடிவு பண்ணக் கூடாது."

சொல்லிவிட்டு ஓடினாள். படி இறங்கி, நீள வராந்தாவில் சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து, அறுவை அரங்கத்தின் முன்னறையில் தொப்பியும் முகக்கவசமும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு, தரையில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டில் போய் நின்றாள். அதைத் தாண்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அரங்கம் அரையிருட்டில் இருந்தது. மேசையில் படுத்திருந்தவர் ஒரு தையற்காரர். முகம் முழுக்கத் துணி, ஒரு கண் மட்டும் வெளியே. கண் மட்டும்தான் மரத்திருந்தது. ஆள் விழித்திருந்தார், காது நன்றாகக் கேட்கும். கத்தவும் முடியாது, திருட்டு மோசடி என்று வாயைத் திறக்கவும் முடியாது.

"அத்தை" என்றாள்.

நுண்ணோக்கியிலிருந்து முகம் எழவில்லை. "என்னம்மா."

"இந்தத் திரைல இருக்கற படத்தை நான் நிறுத்தணும். எப்ப நிறுத்தலாம்னு நீங்க சொல்லணும்."

"எதுக்கு?"

"காலைல வெளியூர்லேருந்து ஒரு படம் வந்து கருத்து எழுதினீங்களே. அது வந்த வழி சரியில்ல அத்தை. இப்ப உங்க பேர்ல மத்தவங்களுக்கு அதே மாதிரி போயிட்டு இருக்கு. உங்க கணக்கை அறுத்தாத்தான் நிக்கும்."

அத்தையின் கை நின்றது. பக்கத்தில் இருந்த சிஸ்டர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பார்த்தது தப்பு என்பது போல மறுபடியும் குனிந்துகொண்டார்.

"ஓடிபி கேட்டுதே" என்றார் அத்தை, தனக்குத் தானே சொல்வது போல. "குடுத்தேனே."

"ஆமா."

அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. சாக்குச் சொல்லவில்லை. சண்டைக்கு வரவில்லை. அவ்வளவு பெரிய விஷயத்தை அவர் விழுங்கியது அந்த அரையிருட்டில் பூட்டம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"தையல் முடியற வரைக்கும் காத்திருக்கவா?" என்று கேட்டாள்.

"காத்திருந்தா?"

"இன்னும் நிறையப் பேருக்குப் போகும்."

"வேண்டாம். வெட்டறதுக்கு முன்னாலயே படத்தைப் பாத்து மையால கண்ணுலயே குறி போட்டுட்டேன். இனிமே திரை வெறும் துணைக்குத்தான். எனக்கு வேண்டியது எல்லாம் இங்க இருக்கு. நிறுத்து."

"நிச்சயமா அத்தை?"

"என் வேலைய நான் பாத்துக்கறேன். உன் வேலைய நீ பாரு." பிறகு அதே மூச்சில், துணிக்கு அடியில் இருந்தவரிடம் மிருதுவாகச் சொன்னார். "ஐயா, ரொம்ப நல்லா போயிட்டு இருக்கு. ஆடாம படுத்திருங்க."

"சரிங்க டாக்டர்" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல்.

பூட்டம்மா முன்னறைக்கு வந்து சுவர்த் தொலைபேசியில் மின்னலிடம் ஒரே வார்த்தை சொன்னாள். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தபோதே உள்ளே பெரிய திரை கறுத்தது. அத்தை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் இரண்டு கைகள், கண்ணுக்குத் தெரியாத நூலை இழுத்து, முடிச்சிட்டு, மறுபடியும் இழுத்தன. பெரிய டாக்டர் என்று எதற்குச் சொல்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அன்றுதான் கண்ணெதிரே தெரிந்தது. எங்க அத்தை என்று நினைத்துக்கொண்டாள்.

மின்னல் தன் வழக்கப்படி நிதானமாக, ஆனால் ஒன்று விடாமல் வேலையை முடித்திருந்தாள். உள்ளே இருந்தவனை வெளியேற்றினாள், அவன் சேர்த்த கைபேசியை நீக்கினாள், ஒளித்துவைத்த ஏற்பாட்டைக் கலைத்தாள், போலி முகவரியை மருத்துவமனை முழுக்க அடைத்தாள். இனி அத்தையின் கணக்கு சாவி இல்லாமல் திறக்காது. ஆனால் அறுப்பதற்குள் சில மருத்துவமனைகளுக்குத் தூண்டில் போய்விட்டிருந்தது. எங்கெங்கே என்று மட்டும் தெரிந்தது.

செய்தி கேட்டு நிர்வாகி வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், பெயர் கெடுவது என்றால் மட்டும் அவருக்கு வேர்த்துவிடும். "சின்ன தொழில்நுட்பக் கோளாறுன்னு பொதுவா ஒரு மெயில் போட்டுடலாம்" என்றார். "பெரிய டாக்டர் பேர் எதுக்கு வெளியில வரணும்? அவங்களுக்குத்தான் அசிங்கம்."

பூட்டம்மா பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. அத்தை நின்றிருந்தார். நெற்றியில் தொப்பியின் தழும்பு இன்னும் மறையவில்லை. நேரே வந்து மருமகளின் எதிரில் நின்றார்.

"தையற்காரருக்கு நல்லா முடிஞ்சுது" என்றார் முதலில். அப்புறம், "சொல்லு. அப்பவே சொன்னேனேன்னு சொல்ல வாய் துடிக்குதில்ல?"

"துடிக்குது அத்தை. அப்புறம் சொல்றேன். இப்ப வேலை இருக்கு."

அத்தையின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நிர்வாகி பக்கம் திரும்பினார். "கோளாறுன்னு எழுதினா யார் சார் படிப்பாங்க? என் பேரைப் பாத்துத்தானே திறக்கப் போறாங்க. என் பேர்லதானே திறக்காதேன்னு சொல்லணும். இப்பவே எழுதறேன்."

"எழுதக் கூடாது" என்றாள் பூட்டம்மா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு உங்க பேர்ல எது எழுத்தா போனாலும் யாரும் நம்பக் கூடாது அத்தை. அவன் எழுதினதும் உங்க கையெழுத்தோடதான் போயிருக்கு. நீங்களே கூப்பிட்டுப் பேசணும். அவங்க உங்க குரலைக் கேக்கணும். மெயில்ல இருக்கற நம்பர் வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச நம்பரா இருக்கணும்."

"எல்லாம் என்கிட்ட வளர்ந்த பசங்க. நம்பர் எனக்கு மனப்பாடம்" என்றார் அத்தை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மருமகளின் மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினார்.

முதல் அழைப்பு கொஞ்சம் திக்கியது. "நான்தான் பேசறேன். என் பேர்ல ஒரு கண்படம் வந்திருக்கும். திறக்காதே. அது நான் அனுப்பல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அத்தை ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "எப்படின்னா, நான் ஏமாந்துட்டேன். பாஸ்வேர்டையும் குடுத்தேன், ஓடிபியையும் குடுத்தேன். நானேதான் குடுத்தேன்."

மருமகளுக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. தப்பு என்ற வார்த்தையைத் தன்மீது சொல்லிக்கொள்ளாத மனுஷி. குழம்பில் உப்பு அதிகமானால்கூட உப்பின் மேல் பழி போடுகிறவர். இப்போது ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, தன்னிடம் கைகட்டி நின்றவர்களிடம், நான் ஏமாந்துட்டேன், நான் ஏமாந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவது நாலாவது அழைப்பில் குரல் நிமிர்ந்துவிட்டது. அதட்டலே வந்துவிட்டது. "சிரிக்கறியா? சிரி. சிரிச்சு முடிச்சுட்டு உன் ஆஸ்பத்திரில இருக்கற எல்லார்கிட்டயும் சொல்லு." நிர்வாகி சத்தமில்லாமல் போய், அத்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

கடைசியாகக் கூப்பிட்டது தூரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையை. அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் அத்தையின் பழைய மாணவர். அவருக்கும் மூக்கு மேல் கோபம், தலைக்கு மேல் கௌரவம் என்று அத்தையே சொல்வது உண்டு. சொல்லிக்கொடுத்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாரும் கேட்கட்டும் என்று அத்தை ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

"என் பேர்ல ஒரு படம் வந்துதா?"

"வந்துது டாக்டர்" என்றது அந்தக் குரல், ரொம்ப ஜாக்கிரதையாக. "ஏன், என்ன விஷயம்?"

"அது பொறி. நான் காலைல அதே மாதிரி ஒண்ணுல மாட்டி ஏமாந்துட்டேன். என் கணக்கைத் திருடித்தான் உனக்கு அனுப்பியிருக்கான்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"டாக்டர், நீங்களா ஏமாந்தீங்க?"

"நானேதான்."

"அப்ப நானும் சொல்லிடறேன்" என்றது குரல், திடீரென்று சின்னப் பையன் குரலாகி. "நான் திறந்துட்டேன். ஓடிபி குடுத்துட்டேன். அப்புறம் ஏதோ உறுத்திச்சு. ஆனா தலைவனே போய் மாட்டினான்னு சொல்லுவாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லல. பேசாம விட்டுடலாம்னு இருந்தேன்."

அத்தை அவரைத் திட்டுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அத்தை திட்டவில்லை.

"நல்லவேளை சொன்னே. இரு, என் மருமககிட்ட குடுக்கறேன். கண்ணு விஷயம்னா என்கிட்ட கேளு. இந்த விஷயம்னா எங்க வீட்லயும் சரி, இந்த ஆஸ்பத்திரிலயும் சரி, அவதான் பெரிய டாக்டர். அவ சொல்றதை அப்படியே செய். எதிர்த்துப் பேசாதே. நான் ஒரு வருஷம் பேசிப் பாத்துட்டேன்."

தொலைபேசியை மருமகள் பக்கம் நகர்த்தினார். பூட்டம்மா தொலைபேசியை நெருங்கி உட்கார்ந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், அத்தைக்கு வைத்திருந்த தண்ணீரைத்தான்.

"வணக்கம் டாக்டர்" என்றாள். "பாஸ்வேர்டு மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உள்ள இருக்கறவனை வெளியேத்தணும். உங்க கம்ப்யூட்டர் ஆளைப் பக்கத்துல கூப்பிடுங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. அத்தை நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.